மாணிக்கம் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"இயற்கைக் கல்தான், நிறம் எடுப்பாகச் சூடு மட்டும் காட்டியிருக்கிறோம்" என்று சொல்லித்தான் எனக்கு அந்த மாணிக்க மோதிரத்தை விற்றார்கள். மோதிரம் விரலுக்கு இறுக்கமாக இருந்ததால் பொற்கொல்லரிடம் கொடுத்தேன். வளையத்தை வெட்டி, தீ காட்டிப் பற்றவைத்து, அமிலத்தில் போட்டு எடுத்ததும் கல்லின் முகத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளைக் கோடுகள்! விற்றவரிடம் காட்டினால், "வேலை செய்தவர் கெடுத்துவிட்டார்" என்று பழியை அவர் தலையில் கட்டினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாணிக்கம் அப்படிக் கெடுகிற கல்லே இல்லை. அது குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. உருவாகும்போது கொஞ்சம் குரோமியம் சேர்ந்ததால் வந்த சிவப்பு அது. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதற்கு 9. உருகவே 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். சாதாரண அமிலம் அதை ஒன்றும் செய்யாது.

ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல் என்று அறிக்கை வந்தது. நகைக்கே ஆகாத, விரிசல் விழுந்த மலிவான குருந்தத்தை எடுத்து, கண்ணாடியை உருக்கி உள்ளே இறக்கிவிடுகிறார்கள். 2004 வாக்கிலிருந்து இப்படிப்பட்ட கற்கள் சந்தையில் பெருகிவிட்டன. மாணிக்கத்தின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) சுமார் 1.76, ஈயம் கூடக் கூடக் கண்ணாடியின் எண்ணும் அதை நெருங்குவதால் விரிசல் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தக் கண்ணாடியை எலுமிச்சைச் சாறுகூட அரித்துவிடும்.

சூடு காட்டிய மாணிக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அது ரத்தின வியாபாரத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறைதான். கண்ணாடி நிரப்பியதை மறைத்து, நல்ல கல்லின் விலைக்கு விற்பது மோசடி.

வாங்கும்போது 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கல்லை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். விரிசல் ஓரமாக நீலப் பளிச்சிடல் ஓடினாலோ, விரிசலுக்குள் உருண்டையாகக் காற்றுக் குமிழிகள் தெரிந்தாலோ அந்தக் கல் வேண்டாம். ரசீதில் "மாணிக்கம்" என்று மட்டும் எழுதினால் போதாது. "கண்ணாடி நிரப்பப்படாதது" என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், சந்தேகம் தீரும்வரை அல்ட்ராசோனிக் கருவியில் (ஒலி அதிர்வால் நகையைச் சுத்தம் செய்வது) போட்டுக் கழுவாதீர்கள். நகையில் தீ வைக்கிற வேலை எதுவானாலும், கல்லைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.