மால்ம்ஸ்டன் ஸ்வீடிஷ் காகிள்ஸ்: கோச்சுக்குப் பிடிக்கும், பெற்றோருக்குப் பிடிக்காது

இந்த நீச்சல் கண்ணாடியின் உறையைப் பிரித்தால் உதிரிகள்தான் இருக்கும்: கெட்டியான இரண்டு பிளாஸ்டிக் லென்ஸ், ரப்பர் பட்டை, மூக்குக்கு மேல் கட்ட ஒரு நூல், அதன்மேல் மாட்ட ஒரு சின்னக் குழாய். கண்ணைச் சுற்றிப் பதியும் சிலிக்கோன் மெத்தை கிடையாது. கோர்த்துக் கட்டுவது நீந்துகிறவர் பாடு. போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைப் பரிந்துரைக்க அதுவே முதல் காரணம். ரேஸுக்கு முன்னால் நூல் அறுந்தால் பிள்ளை தானே கட்டிக்கொள்ளும். அம்மாவைத் தேடி ஓடாது.

தப்பு நடப்பது மூக்கு நூலில்தான். முடிச்சை உடனே இறுக்காதீர்கள். பட்டையை விட்டுவிட்டு லென்ஸைக் கண்குழியில் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தபின் ஓரிரு வினாடி ஒட்டி நிற்க வேண்டும். மூக்கோரம் இடைவெளி தெரிந்தால் நூல் நீளம். மூக்கெலும்பில் குத்தினால் குட்டை. பிறகு இரட்டை முடிச்சு. லென்ஸ் விளிம்பில் பிசிறு இருந்தால் நகம் தேய்க்கும் அரத்தால் மெல்லத் தேய்த்து, கழுவிவிட்டுப் போடவும்.

கட்டினாலும் தண்ணீர் புகும் நாள் வரும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சல் இறுதியில் அமெரிக்க வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் காகிள்ஸில் தண்ணீர் நிரம்பிவிட்டது. ஸ்ட்ரோக்கை, அதாவது கைவீச்சை, எண்ணியே சுவரைத் தொட்டார்: 1:52.03, உலக சாதனை. சிறுவயதிலிருந்து அவரை வளர்த்த கோச் பாப் பௌமன், எதிர்பாராத சிக்கலுக்கும் அவரைப் பழக்கியிருந்தார். அப்படிப்பட்ட பயிற்சியை நம்மூர் நீச்சல் குளத்திலும் செய்யலாம். முதலில் 25 மீட்டருக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்று எண்ணச் சொல்லுங்கள். அடுத்து காகிள்ஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதே தூரம், அதே எண்ணிக்கை. லேனில் வேறு யாரும் கூடாது, கோச் கரையோடு கூடவே நடக்க வேண்டும், கடைசி இரண்டு ஸ்ட்ரோக்கில் வேகம் குறைய வேண்டும். இல்லாவிட்டால் விரல் சுவரில் மோதி மடங்கும்.

குறைகள் உண்டு. பட்டை லேடெக்ஸ்; ஒவ்வாமை உள்ளவர்கள் சிலிக்கோன் பட்டை மாற்றிக்கொள்ளலாம். லேடெக்ஸ் குளோரினிலும் வெயிலிலும் சீக்கிரம் இற்றுப்போகும், அதனால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தவும். லென்ஸைப் பிடித்து முன்னால் இழுத்துக் கழற்றும் பழக்கம் ஆபத்து: கை நழுவினால் கண்ணில் வந்து அடிக்கும். பின்தலையிலிருந்து பட்டையைத் தூக்கியே கழற்ற வேண்டும். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம், மெத்தை வைத்ததே போதும்.

வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். இரண்டையும் கட்டி, பயிற்சியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பழக்கிய பிறகே போட்டிக்கு எடுத்துப் போகவும்.