கம்பம்–குமுளி ஓட்டத்துக்குப் புது டீசல் பிக்கப்: எது நிற்கும், ஏன் நிற்கும்

மஹிந்திரா பொலிரோ மேக்ஸ், டாடா யோதா, அசோக் லேலண்ட் படா தோஸ்த், டாடா இன்ட்ரா வி50. கம்பம், கூடலூர், போடி, நெடுங்கண்டம் பக்கம் புது பிக்கப் எடுக்கப் போகிறவர்கள் வாயில் இந்த நாலு பெயரும்தான் மாறி மாறி வருகின்றன. கேள்வியும் ஒன்றே: எந்த வண்டி நடு மலையில் காலை வாராது? நாலில் எதை எடுத்தாலும் கிராங்க், பிஸ்டன், கியர்பாக்ஸ் என்ற அடிப்படை இரும்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளே விற்பனைக்கு வருகின்றன. அந்த வண்டிகளை நிறுத்துபவை சைலன்சர் பக்கத்துச் சாமான்கள், டீசலில் கலந்த தண்ணீர், சென்சார் வயர் ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றையும் கெடுப்பது பெரும்பாலும் ஓட்டும் விதம். அதனால் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் டிரிப் எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

முதலில் டிபிஎஃப். சைலன்சர் லைனில் உட்கார்ந்திருக்கும் பீங்கான் தேன்கூடு இது. எஞ்சின் கக்கும் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சாம்பலாக்கும். அந்தச் சூடு வர வண்டி ஓரளவு லோடோடு, நிற்காமல் ஓட வேண்டும். கம்பத்திலிருந்து காய்கறி ஏற்றி, லோயர் கேம்ப் தாண்டி குமுளி ஏறி, கோட்டயம் வரை போய் வருகிற வண்டிக்கு இந்தப் பிரச்சினை அநேகமாக வராது. ஏற்றத்தில் எஞ்சின் முக்கும்போதே கரி எரிந்துவிடும். மலை வண்டியைக் கெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். டிபிஎஃப் விஷயத்தில் ஏற்றம் நல்லது.

மாட்டிக்கொள்வது ஏலத்தோட்ட வண்டி. தோட்டத்திலிருந்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு 4 கிலோமீட்டர், ஸ்டோரிலிருந்து கடைவீதிக்கு 6 கிலோமீட்டர், மூட்டை ஏற்றும் வரை எஞ்சினை அணைக்காமல் அரை மணி நேரம், திரும்பும்போது காலி வண்டி, அதுவும் இறக்கம். சைலன்சர் சூடாவதற்குள் டிரிப் முடிந்துவிடும். கரி சேர்ந்துகொண்டே போகும். வண்டி தானாக எரிக்கத் தொடங்கும்போது ஓட்டுநர் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். இப்படி நாலைந்து முறை நடந்தால் டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரியும்.

எரிக்கிற நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். ஐடிலிங் வழக்கத்தைவிடச் சற்று ஏறி நிற்கும், நின்ற பிறகும் ஃபேன் ஓடும், சைலன்சரிலிருந்து காய்ந்த நெடி வரும். அந்த நேரம் அணைக்காதீர்கள், ஓட்டத்தை நீட்டுங்கள். காய்ந்த சருகு, புல், விறகுக் குவியல் மேலே நிறுத்தவும் கூடாது. சில்வர் ஓக் சருகு மெத்தை போல் கிடக்கிற ஸ்டோர் முற்றத்தில் இது வெறும் எச்சரிக்கை இல்லை, தீ பிடிக்கும்.

விளக்கு அணையாமல் நின்று எரிந்தால் 20 முதல் 30 நிமிடம், மூன்றாவது நான்காவது கியரில், 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் விடாமல் ஓட்டினால் பெரும்பாலும் தணிந்துவிடும். விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தால் அந்த வைத்தியம் போதாது. சர்வீஸில் ஸ்கேனர் மாட்டி, வண்டியை நிறுத்தி வைத்தே கரியை எரிக்க வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் இழுவை போய், வண்டி நடை வேகத்தில்தான் ஊர் சேரும். "உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டு புரோகிராமை மாற்றித் தருகிறேன்" என்று சொல்லும் பட்டறைக்குப் போகாதீர்கள். வாரண்டி போகும், அது சட்ட விரோதமும் கூட.

இதோடு ஒட்டியது ஆயில். கரியை எரிக்க கூடுதல் டீசல் அடிக்கப்படுகிறது. பாதியில் அணைத்தால் அந்த டீசலில் ஒரு பங்கு எஞ்சின் அடியில் உள்ள ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். "ஆயில் குடிக்காத வண்டி" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள். நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கைத் தின்னும். ஊற்றுவது குறைந்த சாம்பல் வகை ஆயிலாக இருக்கட்டும், கையேட்டில் அதன் தரக்குறி இருக்கும். கரி எரியும், ஆயில் சாம்பல் எரியாது. டிபிஎஃப்பை நிரந்தரமாக அடைப்பது அந்தச் சாம்பல்தான்.

டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருந்தால் அந்த வண்டிக்குப் புகையின் நச்சு வாயுவைக் குறைக்கும் ஆட்ப்ளூ திரவமும் வேண்டும். ஒரே கம்பெனியில் ஒரு மாடலுக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. ஷோரூமில் மூடியைத் திறந்து பாருங்கள். இது 32.5 சதவீத யூரியா, மீதி சுத்திகரித்த நீர். வயலுக்குப் போடுகிற யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்ற யோசனை விவசாய ஊரில் வராமல் இருக்காது. நம் நாட்டு உர யூரியா வேப்பெண்ணெய் பூசியது. அந்தப் பூச்சும் உரத்தில் உள்ள மற்ற கலப்பும் ஊசி நாசிலையும் கேட்டலிஸ்ட்டையும் அடைக்கும். பக்கெட்டை வெயிலில் வைக்க வேண்டாம்: 30 டிகிரிக்குள் இருந்தால் ஒரு வருடம் தாங்கும், 35 டிகிரியில் ஆறு மாதம்தான். கம்பம் பள்ளத்தாக்கில் தகரக் கொட்டகைக்குள் அடுக்கினால் அதுகூடத் தாங்காது. தவறிப்போய் டீசல் டேங்கில் ஆட்ப்ளூ ஊற்றிவிட்டால் சாவியை ஆன் செய்யவே கூடாது. பம்ப் ஒருமுறை இழுத்துவிட்டால் டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை கழற்ற வேண்டி வரும்.

அடுத்தது தண்ணீர். தமிழ்நாட்டுப் பக்கம் டீசல் விலை குறைவு என்று கேனிலும் டிரம்மிலும் பிடித்துப் போய்த் தோட்டத்தில் வைத்து ஊற்றுகிற பழக்கம் பழைய ஜீப்புக்குச் சரி. இந்தப் புது வண்டிகளில் உயர் அழுத்தத்தில் டீசல் அடிக்கும் காமன் ரெயில் இன்ஜெக்டரின் உள் இடைவெளி மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு. ஜூன், ஜூலை மழையில் டிரம்முக்குள் வியர்க்கிற ஈரம் போதும் துரு பிடிக்க. தண்ணீரால் போன இன்ஜெக்டருக்கு வாரண்டி கிடைக்காது. டீசல் ஃபில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது. மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்கும் முன், அதைத் தளர்த்திக் கண்ணாடி பாட்டிலில் அரை டம்ளர் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். சுத்த டீசல் வரும் வரை விட்டு, திருகைக் கையால் இறுக்கி, கை பம்ப் இருந்தால் அடித்துக் காற்றை எடுங்கள்.

இப்போது வண்டிகளைப் பார்ப்போம். பொலிரோ மேக்ஸில் 2.5 லிட்டர், நாலு சிலிண்டர்; பெரிய வகையில் 80 குதிரைத் திறன், 220 நியூட்டன் மீட்டர் இழுவை. யோதாவில் 2.2 லிட்டர், 100 குதிரைத் திறன், 250 நியூட்டன் மீட்டர். படா தோஸ்த், இன்ட்ரா வி50 இரண்டும் 1.5 லிட்டர். சமவெளியில் 1.5 லிட்டரே போதும், டீசலும் மிச்சம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றரை டன்னோடு நின்று கிளம்ப வேண்டுமென்றால் பெரிய எஞ்சினையே நான் சொல்வேன். இது பவர் பெருமைக்காக இல்லை, கிளட்சுக்காக. இழுவை போதாத வண்டியில் ஓட்டுநர் வளைவில் ஹாஃப் கிளட்ச் பிடித்துத் தூக்குவார். பிளேட் கருகும், பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்துவிடும். ஷோரூம்காரர்கள் காலி வண்டியைத் தேனி பைபாஸில் ஓட்டிக் காட்டுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. பின்னால் 15 உர மூட்டையாவது ஏற்றி, ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியரில் ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்காமல் கிளம்புகிறதா என்று பாருங்கள்.

லோடு தாங்க வேண்டுமென்று வாங்கிய வாரமே பின்னால் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கூட்டுகிறவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு சிறு கம்பியோடு பிரேக் வால்வு இருக்கிற வண்டிகள் உண்டு. லோடு ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுவது அதன் வேலை. பட்டை கூட்டினால் பின்பக்கம் தாழாது. வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொள்ளும். குமுளி இறக்கத்தில் முன் பிரேக் மட்டும் வேலை செய்து சூடேறி மங்கும். பட்டை கூட்டியே ஆக வேண்டுமென்றால் அந்த வால்வையும் சர்வீஸில் செட் செய்ய வேண்டும்.

பாடி கட்டும்போது இன்னொரு ஆபத்து. தக்காளிக் கிரேட்டுக்குக் கம்பிக் கூண்டு வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) பிளக்கையும் உருவிவிடச் சொல்லுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் புது வண்டியில் காரணம் தெரியாத சென்சார் கோளாறுகள் அடுத்தடுத்து வரும், பழி கம்பெனி மேல் விழும். எலிக்கும் வயர் பிடிக்கும். ஸ்டோர் பக்கம் நிற்கிற வண்டியின் பானெட்டை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

டெலிவரி அன்று எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஓட விட்டு வைத்திருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சாவியை ஆன் செய்ததும் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். டயர் பக்கத்தில் உள்ள நாலு இலக்கம் பாருங்கள்: 2325 என்றால் 2025-ன் 23வது வாரம். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். யார்டில் பல மாதம் நின்ற வண்டி என்றால் பேட்டரியைச் சோதிக்கவும், டீசல் ஃபில்டர் நீரை வடிக்கவும் சொல்லிவிட்டு, தள்ளுபடியும் கேளுங்கள்.

கேரளா போக வர எடுக்கிறவர்கள் வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடையைப் பார்க்க வேண்டும். 3000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. 2 டன் ஏற்றுகிற வண்டி வெற்று எடையோடு சேர்த்து அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். நேஷனல் பர்மிட் செலவையும் விலையோடு கூட்டுங்கள். இந்த வகைப் புதுச் சரக்கு வண்டியின் எஃப்சி (தகுதிச் சான்று) இரண்டு வருடம், எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பின் ஆண்டுதோறும்.

கடைசியாக, அட்வான்ஸ் கொடுக்கும் முன் தேனியிலோ கட்டப்பனையிலோ உள்ள அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, ஸ்பேர்ஸ் கவுன்டரைக் கேளுங்கள். டீசல் ஃபில்டர், கிளட்ச் செட், டிபிஎஃப் பிரஷர் சென்சார், நீல மூடி வண்டி என்றால் புகையின் நச்சு வாயுவை அளக்கும் நாக்ஸ் சென்சார்: இன்று அலமாரியில் எது இருக்கிறது, இல்லாதது வர எத்தனை நாள்? ஸ்கேனர் அங்கேயே இருக்கிறதா, மதுரையிலிருந்து வர வேண்டுமா? சென்சார் வர பத்து நாள் என்று பதில் வந்தால், அந்தப் பத்து நாள் வாடகையையும் வண்டி விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.