வாடகைக்குத் தந்த தலைக்கவசம்: டர்ட் பைக் பயிற்சிக்குச் செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த பிப்ரவரியில் கோவைக்கு வெளியே ஒரு தனியார் மண் தடத்தில் நடந்த ஒருநாள் டர்ட் பைக் பயிற்சியில் கீழே விழுந்து பலத்த காயமடைந்தேன். விழுவது இந்த விளையாட்டில் புதிதல்ல. விழுவோம் என்று தெரிந்துதான் எல்லோரும் போகிறோம். ஆனால் நான் தரையில் மோதுவதற்கு முன்பே, தலையில் இருக்க வேண்டிய கவசம் கழன்று தனியே உருண்டு போயிருந்தது. பயிற்சியை நடத்தியவர்கள் 1,200 ரூபாய் வாடகை வாங்கிக்கொண்டு தந்த கவசம் அது.

பயிற்சிக் கட்டணம் 4,500 ரூபாய். தலைக்கவசம், மார்புக்கும் முதுகுக்குமான கவசம், முழங்கை, முழங்கால் காப்புகள் ஆகியவற்றுக்கு வாடகை தனி. ‘சர்வதேசத் தரமுள்ள பாதுகாப்புக் கவசங்கள்’ என்று அவர்களுடைய விளம்பரத்தில் இருந்ததை நம்பித்தான் சொந்தமாக எதுவும் வாங்காமல் போனேன். எனக்குத் தந்த தலைக்கவசத்தின் தாடைப் பட்டை மட்டும் புதிதாகவும் வேறு நிறத்திலும் இருந்ததைக் கண்டு கேட்டபோது, அங்கிருந்த இளைஞர், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கண்ணா, எல்லாரும் இதைத்தான் போட்டு ஓட்டுறாங்க” என்றார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் மேற்கொண்டு கேட்காமல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு நகர்ந்தேன்.

பிற்பகல் மூன்று மணியளவில், டேபிள்டாப் எனப்படும் தட்டையான மேட்டில் ஏறித் தாவும்போது, பயத்தில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்திவிட்டேன். அது என் தவறு. முன்சக்கரம் தாழ்ந்து மேட்டின் விளிம்பில் இடிக்க, கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டேன். இடது காறை எலும்பு முறிந்தது. முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் முதல் எலும்பு நசுங்கியது. நெற்றியில் ஒன்பது தையல். மூளை உறைக்குக் கீழே சிறிதளவு இரத்தக் கசிவு. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிப்பில் இருந்தேன். அந்த நாளின் காலை உணவு முதல் ஆம்புலன்ஸ் வரையிலான நேரத்தில் பாதி இன்றுவரை என் நினைவுக்குத் திரும்பவில்லை. மேலே எழுதியிருப்பவற்றில் சிலவற்றை உடன் வந்த நண்பர் சொல்லித்தான் அறிந்தேன்.

அந்த நண்பர் செய்த மிகப்பெரிய உதவி, தலைக்கவசத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுக்காமல் தன் பையில் போட்டுக்கொண்டு வந்தது. நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகத் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். தையலைப் பார்ப்பதே என் பிழைப்பு. மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பட்டையைத் திருப்பிப் பார்த்தபோது உடம்பே நடுங்கிவிட்டது. இழுவிசை தாங்க வேண்டிய இடங்களில், ஒரு சாதாரணக் கால்சட்டையின் பெல்ட் லூப்பில்கூட, பார்டேக் எனப்படும் நெருக்கமான குறுக்குத் தையலைப் போடுவோம். இங்கே பழைய பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, புதிய பட்டையைச் சாதாரண நூலால் ஒற்றை வரிசையில் தைத்திருந்தார்கள். அந்த ஒற்றை வரிசைதான் பிரிந்திருந்தது.

உள்ளே இருந்த துணி மெத்தையை உருவிப் பார்த்தோம். தெர்மகோலைப் போன்ற கெட்டியான நுரை அடுக்கில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளமும் அதிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசலும் இருந்தன. பள்ளத்துக்குள் அழுக்குப் படிந்திருந்ததால், அது என் விழுகையால் வந்ததல்ல, எனக்கு முன்பு யாரோ விழுந்ததால் வந்தது என்பது தெளிவு. இந்த நுரைதான் தலைக்கவசத்தின் உயிர். வெளி ஓடு உராய்வையும் குத்தலையும் தாங்குகிறது. நுரையோ மோதலின்போது தான் நசுங்கி, தலை சட்டென்று நிற்காமல் ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொண்டு நிற்கும்படி செய்கிறது. ஒரு முறை நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே பலமாக அடிபட்ட தலைக்கவசம் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது.

1956இல் அமெரிக்காவில் கார்ப் பந்தயத்தின்போது பீட் ஸ்னெல் என்ற வீரர் இறந்தார். அவர் அணிந்திருந்த தலைக்கவசம் அவரைக் காக்கத் தவறியது. அதனால்தான் அவர் பெயரில் 1957இல் அறக்கட்டளை தொடங்கி, தலைக்கவசங்களைச் சோதித்துச் சான்றளிக்கத் தொடங்கினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை தலைக்கவசத்தை மாற்றச் சொல்லும் அறக்கட்டளை அதுவே. என் தலையில் மாட்டியதில் தயாரித்த தேதியே இல்லை.

முதுகுக் கவசத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதற்குள் செருப்புக்கு வைக்கும் ஸ்பாஞ்ச் போன்ற ஒன்றுதான் இருந்தது. எந்தத் தரக் குறியும் இல்லை. இஎன் 1621-2 என்ற ஐரோப்பியத் தரத்தில் 50 ஜூல் ஆற்றலுடன் இடித்துப் பார்த்து, உடலுக்குக் கடத்தப்படும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை, 9க்குள் இருந்தால் அதைவிட மேலான இரண்டாம் நிலை என்று வகுக்கிறார்கள். ஆனாலும் முதுகெலும்பு நசுங்கியது மேலிருந்து கீழாக வந்த அழுத்தத்தால் என்றும், நல்ல முதுகுக் கவசம் இருந்திருந்தாலும் அது நேர்ந்திருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். தலைக் காயத்தைப் பற்றி அவர் அப்படிச் சொல்லவில்லை.

வாடகைக் கவசம்தான் என்றால், கையெழுத்திடும் முன் இவற்றைச் செய்யுங்கள். மெத்தையை உருவி நுரையைப் பாருங்கள். உருவ விடமாட்டோம் என்றால் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். பட்டையை முழுதாக மாட்டி, தலையைக் குனிந்துகொண்டு, கவசத்தின் பின்விளிம்பைக் கையால் மேலும் முன்னுமாகத் தள்ளுங்கள். கழன்றால் அது உங்களுக்கானது அல்ல. நம் நாட்டில் 2021 ஜூன் 1 முதல் இருசக்கர வாகன ஓட்டிகளுக்கான தலைக்கவசங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஐஎஸ் 4151 என்ற எண்ணுடன் உள்ள அந்த முத்திரையின் கீழே இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் யார் தயாரித்தது என்பது தெரிந்துவிடும். ஐரோப்பியத் தரம் என்றால் வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் நாட்டின் எண்ணும், அருகில் 05 அல்லது 06 என்று தொடங்கும் அனுமதி எண்ணும் இருக்கும். பெரும்பாலும் அது தாடைப் பட்டையில் தைத்த துணிச் சீட்டில் இருக்கும். எனக்குத் தந்ததில் வெளியே ஒட்டிய ஒரு ஸ்டிக்கர் மட்டும்தான் இருந்தது. அதில் வட்டமும் எழுத்தும் இருந்தன, அனுமதி எண் இல்லை.

விபத்து நடந்த மறுநாளே பயிற்சியை நடத்தியவர் என் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்த கையோடு, தலைக்கவசத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார். நாங்கள் மறுத்ததும், வாடகைப் பணம் 1,200 ரூபாயைத் திருப்பித் தருவதாகவும், படிவத்தில் நான் கையெழுத்திட்டிருப்பதால் அதற்கு மேல் எந்தப் பொறுப்பும் இல்லை என்றும் சொன்னார். அந்தப் படிவத்தைக் காட்டி எங்களை மடக்க முடியாது என்றும், சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம் என்றும் வழக்கறிஞர் கூறியதால் மனு கொடுத்திருக்கிறேன். இத்தகைய நிலை யாருக்கேனும் வந்தால், பொருளைக் கைவிடாதீர்கள்; பல கோணங்களில் படம் எடுங்கள்; வாடகை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

மீதமுள்ள தலைக்கவசங்களை அழித்துவிடும்படி அவர்களுக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் வரவில்லை. சென்ற வாரம் அவர்கள் வெளியிட்ட பயிற்சிப் படத்தில், பதினைந்து வயதுகூட இருக்காத ஒரு பையன் நிற்கிறான். அவன் தாடைக்குக் கீழே, ஓட்டின் நிறத்தோடு பொருந்தாத புதிய பட்டை தெரிகிறது.