சின்ன கான்ட்ராக்டருக்கு எது லாபம்: வாராந்திர பிசினஸ் குழுவா, கட்டுநர் சங்கமா?

கோவையில் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கிற எந்தக் கான்ட்ராக்டருக்கும் ரெண்டு பக்கமிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஒன்று, வாரம் ஒரு காலையில் ஹோட்டல் ஹாலில் கூடி ஒருவருக்கொருவர் வேலை பிடித்துக் கொடுக்கும் பிசினஸ் குழு. இன்னொன்று, நம் தொழில்காரர்களே நடத்தும் கட்டுநர் சங்கம். ரெண்டிலும் இருந்து பார்த்துவிட்டு இப்போது சங்கத்தில் மட்டும் இருக்கிறேன். அதனால் இதில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது முதலிலேயே தெரிந்திருக்கட்டும். வருடத்துக்கு ரெண்டு மூன்று வீடு, நடுவில் கொஞ்சம் ஆல்டரேஷன் வேலை, கையில் ஒரு மேஸ்திரியும் அவருடைய செட்டும். இந்த அளவில் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் நான் சொல்வது பொருந்தும்.

ரோட்டரி, லயன்ஸ், வணிகர் சங்கம், கொடிசியா இதெல்லாம் வேண்டாமா என்று கேட்பார்கள். ரோட்டரியும் லயன்ஸும் சேவைக்கு. அதில் பழக்கம் கிடைக்கும், வேலையும் சில நேரம் வரும், ஆனால் வேலைக்காகவே போய்ச் சேர்ந்தால் மற்றவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். வணிகர் சங்கம் கடை வைத்திருப்பவர்களின் பிரச்சினைக்கு. 1969-ல் தொடங்கிய கொடிசியா சிறுதொழில் கூடங்களுக்கானது. இவை எல்லாம் நல்ல அமைப்புகள்தான், ஆனால் வீடு கட்டுகிறவனின் அன்றாடத் தலைவலி அங்கே பேசப்படாது.

வாராந்திரக் குழுவில் பெயர் பெற்றது பிஎன்ஐ. 1985-ல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கியது, இன்று நம்மூரில் நகரத்துக்கு நகரம் கிளை இருக்கிறது. அதே அச்சில் உள்ளூரிலும் நிறைய குழுக்கள் வந்துவிட்டன. நான் இருந்தது அப்படி ஒரு உள்ளூர்க் குழு. ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான். ஒரு ஆடிட்டர், ஒரு பெயிண்ட் கடைக்காரர், ஒரு இன்டீரியர்காரர், ஒரு பில்டர். ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடத்துக்குள் தன் தொழிலைச் சொல்ல வேண்டும், அப்புறம் யாருக்கு யார் என்ன வேலை கொண்டு வந்தார் என்று கணக்குச் சொல்ல வேண்டும். இது ஏமாற்று வேலை இல்லை, ஒழுங்காக நடக்கிற ஏற்பாடு. சிசிடிவி, சோலார், மாடுலர் கிச்சன், ஏசி சர்வீஸ் மாதிரி சீக்கிரம் முடிகிற, அடிக்கடி தேவைப்படுகிற தொழில்காரர்கள் அங்கே நன்றாகச் சம்பாதிப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் எழுந்து பேசுகிற தைரியமும் எனக்கு அங்கேதான் வந்தது.

நமக்கு இடிக்கிற இடம் முதலில் நேரம். கூட்டம் காலை ஏழு மணிக்கு. சைட்டுக்கு ஆள் வருவதும் அந்த நேரம்தான். சென்ட்ரிங்கில் கம்பி கட்டி முடித்து, இன்றைக்கு ஸ்லாப் கான்கிரீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழரைக்கு மிக்சர் ஓட ஆரம்பித்தால்தான் மதிய வெயிலுக்குள் முக்கால்வாசி முடியும். அந்த நேரத்தில் ஹாலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு போன் அதிர்கிறது, முக்கால் ஜல்லி லோடு இன்னும் வரவில்லை, கவர் பிளாக் பத்தவில்லை, கன்சீல்டு பைப் போட வேண்டிய எலக்ட்ரீசியனைக் காணவில்லை. வெளியே எழுந்து போய்ப் பேசவும் முடியாது. வராமல் இருந்தால் லீவு கணக்கில் போகும், அது ஒரு அளவைத் தாண்டினால் இடத்தை வேறு ஒரு பில்டருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது, அங்கிருந்து வருகிற வேலையின் தன்மை. வீடு கட்டுவது ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒரு முறை எடுக்கும் முடிவு. தங்கை வீட்டைக் கட்டினவர் யார், பக்கத்துத் தெருவில் கட்டினவர் யார் என்று நேரில் போய்ப் பார்த்துத்தான் ஆள் தேடுவார்கள். குழுவில் இருக்கிற நண்பர் நல்ல எண்ணத்தோடு நம்பரைக் கொடுப்பார், அவர்களும் கூப்பிடுவார்கள், ஆனால் பாதிக்கு மேல் "ஒரு எஸ்டிமேட் மட்டும் போட்டுக் கொடுங்க" என்பதோடு நிற்கும். ஏற்கனவே பேசி வைத்திருக்கிற கான்ட்ராக்டரிடம் ரேட் குறைக்க நம் எஸ்டிமேட் அவர்களுக்குப் பயன்படும். ஒரு வீட்டுக்கு முறையாக எஸ்டிமேட் போட ரெண்டு ராத்திரி ஆகிறது, அதற்கு யாரும் காசு தருவதில்லை. கூடவே, குழுவில் இருக்கிற டைல்ஸ் கடையில்தான் வாங்க வேண்டும், குழு பிளம்பருக்குத்தான் வேலை தர வேண்டும் என்று எழுதாத ஒரு எதிர்பார்ப்பும் உண்டு. அவர் வேலை சரியில்லை என்றால் நம் சொந்த பிளம்பரைக் கண்டிக்கிற மாதிரி அவரைக் கண்டிக்க முடியாது. செலவு என்று பார்த்தால் வருடச் சந்தா, வாரா வாரம் டிபன் காசு, அவ்வப்போது வெளியூர் மாநாடு எல்லாம் சேர்ந்து எனக்கு அரை லட்சத்தைத் தாண்டியது. சங்கத்துக்கு நான் கட்டுவது அதில் பத்தில் ஒரு பங்கு கூட வராது.

சரி, சந்தா வித்தியாசத்துக்காக மட்டும் சங்கத்தின் பக்கம் போகச் சொல்லவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு வேலை கிடைப்பதில் அவ்வளவு கஷ்டம் இல்லை. செய்த வேலைக்குப் பணம் வாங்குவதில்தான் கஷ்டம். ஒரே நேரத்தில் மூன்று வீட்டுக்கு மேல் என்னால் பார்க்க முடியாது, அந்த மூன்றும் வாய்வழியாகவே வந்துவிடுகிறது. ஆனால் அதில் ஒரு வீட்டில் கடைசித் தவணை நின்றுபோனால் அந்த வருட லாபமே அதோடு போச்சு. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் வரைக்கும் பணம் சரியாக வரும், ஏனென்றால் வராவிட்டால் வேலை நிற்கும். பூச்சு முடிந்து டைல்ஸ் ஒட்டின பிறகுதான் போனை எடுப்பது குறையும். இந்த இடத்தில் யார் நமக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் எந்த அமைப்பையும் எடை போடுவேன்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு வீட்டுக்காரர் பால் காய்ச்சிக் குடியேறிய பிறகு கடைசித் தொகையைக் கொடுக்கவில்லை. பூச்சில் மயிர்க்கோடு விரிசல், டைல்ஸ் சரியில்லை என்பது அவர் பக்கம். காம்பவுண்ட் சுவரை உயர்த்தியதும் பரண் கூடுதலாகப் போட்டதும் ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, அதற்குக் காசு வேண்டும் என்பது என் பக்கம். பிசினஸ் குழுவில் சொன்னபோது வருத்தப்பட்டார்கள், ஒரு வக்கீல் நம்பர் கொடுத்தார்கள். சங்கத்தில் சொன்னபோது மூத்த கான்ட்ராக்டர்கள் ரெண்டு பேரும் ஒரு இன்ஜினியரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக அந்த வீட்டுக்கே வந்தார்கள். வந்தவுடன் யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் ஒரு ரூபாய்க் காசை எடுத்து ஹால் முழுக்க டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனார். எங்கெல்லாம் உள்ளே காலியாகச் சத்தம் கேட்டதோ அங்கெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி போட்டார். இன்னொருவர் டேப் பிடித்து சுவர் உயரத்தையும் பரண் அளவையும் எடுத்து எழுதினார். கடைசியில் வீட்டுக்காரரிடம், "சார், குறி போட்ட டைல்ஸை இவர் செலவில் மாத்திக் கொடுப்பார், இந்த விரிசல் பூச்சோட மேலாப்புல இருக்கறது, பட்டி வச்சா போயிடும், சுவத்துக்கும் பரணுக்கும் அளவுப்படி காசு நீங்க குடுத்திருங்க" என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள். அவரும் ஒத்துக்கொண்டார், தொகை கொஞ்சம் குறைந்தது, ஆனால் வந்தது. நான் சொன்னதை நம்பாதவர் அவர்களை நம்பியதற்குக் காரணம், அவர்கள் என் பக்கம் மட்டும் பேசவில்லை என்பதுதான்.

எழுதி வைத்துக்கொள்வதும் சங்கத்தில் வந்த பழக்கம். தவணை எந்தக் கட்டத்தில் எவ்வளவு, கூடுதல் வேலைக்கு ரேட், கம்பி சிமென்ட் விலை ஏறினால் யார் பொறுப்பு என்பதெல்லாம் போட்ட மாதிரி ஒப்பந்தம் ஒன்று எங்கள் சங்கத்தில் கொடுக்கிறார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு: ஒரு கான்ட்ராக்டர் பாதியில் விட்ட வீட்டை எடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது. கட்டாயம் இல்லை. ஆனால் அந்த ஒரு போன் காலில் வீட்டுக்காரர் பணம் கொடுக்கிற லட்சணமும் தெரிந்துவிடும், முதல் ஆள் செய்த வேலையின் லட்சணமும் தெரிந்துவிடும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி, உத்யம் என்கிற அரசுப் பதிவு உள்ள சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 43பி(எச்) என்று ஒரு பிரிவு வந்து, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இப்படி இழுத்தடிக்கிற கம்பெனிகளுக்கு அந்தத் தொகையைக் கொடுக்கும்வரை செலவாகக் காட்ட முடியாமல் போனது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொருளும் கூலியும் சேர்ந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்டுக்கு எம்எஸ்எம்இ சட்டத்தின் அந்தப் பகுதி பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் உட்படச் சில நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. தனி வீட்டுக்காரருக்கோ 43பி(எச்) பற்றிக் கவலையே இல்லை, அவர் வீட்டுச் செலவை வருமான வரியில் காட்டப் போவதில்லை. கம்பெனி, ஸ்கூல், கல்யாண மண்டபம் என்று வேலை செய்கிறவர்கள் மட்டும் ஆடிட்டரிடம் கேட்டு முயற்சி செய்யலாம். தனி வீட்டு வேலையில் அளந்து பார்த்துப் பேசுகிற ரெண்டு பெரியவர்கள்தான் நமக்குக் கை கொடுப்பார்கள்.

இந்தச் சட்ட விவரமே சங்கக் கூட்டத்துக்கு வந்த ஒரு ஆடிட்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தனி வீட்டுக்கு வெறும் கூலி மட்டும் பேசிச் செய்தால் ஜிஎஸ்டி கிடையாது, மெட்டீரியலோடு செய்தால் 18 சதவீதம் என்பதையும் அதே கூட்டத்தில்தான் அவர் விளக்கினார். தெரியாமல் மொத்த ரேட் பேசிவிட்டு வரியைக் கையிலிருந்து கட்டினவர்கள் அன்று எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய அளவிலும் சங்கத்தால்தான் சில காரியங்கள் நடக்கும். சிமென்ட் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றுகிறார்கள் என்று மத்திய அரசின் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது 1941-லிருந்து இருக்கிற பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. 2012 ஜூனில் ஆணையம் பதினோரு கம்பெனிகளுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வழக்கு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் வரை போனது, மூட்டை விலை அதனால் இறங்கிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனாலும் மாதம் சில நூறு மூட்டை வாங்குகிற நான் தனியாக அந்தப் படியில் ஏறியிருக்க முடியுமா? 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் வேலைநிறுத்தம் வந்தபோதும் எந்த யார்டில் எம்-சாண்ட் இருக்கிறது, யாரிடம் ரெண்டு யூனிட் மிச்சம் இருக்கிறது என்பது சங்க வாட்ஸ்அப்பில்தான் தெரிந்தது. ஸ்லாப் அன்று வைப்ரேட்டர் நின்றுபோனால் இன்னொரு உறுப்பினர் சைட்டிலிருந்து அரை மணியில் ஒன்று வந்துவிடும். அடுத்த முறை என்னுடையது போகும்.

சங்கத்திலும் குறை உண்டு. தேர்தல் வந்தால் ரெண்டு கோஷ்டி, ஆறு மாதத்துக்கு வேறு பேச்சே இருக்காது. அரசு டெண்டர் எடுக்கிற பெரிய கான்ட்ராக்டர்கள் மேடையைப் பிடித்துக்கொண்டால் பில் பாஸ் ஆகவில்லை, டெபாசிட் திரும்பவில்லை என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடும். மாநாட்டுக்கு, மலருக்கு, விளம்பரத்துக்கு என்று வசூலும் வரும். எல்லோரும் நமக்குப் போட்டி என்பதால் நம் ரேட்டை வெளிப்படையாகச் சொல்லவும் தயக்கம் இருக்கும். சில இடங்களில் "சதுர அடிக்கு இதற்குக் கீழே யாரும் பேசக் கூடாது" என்று தீர்மானம் போடப் பார்ப்பார்கள். சிமென்ட் கம்பெனிகள் மேல் பாய்ந்த அதே போட்டிச் சட்டம் நம் மேலும் பாயும், அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசு டெண்டர் வேலை நான் செய்ததில்லை. அதில் இருக்கிறவர்கள் அவர்களுக்கென்று தனியாக இருக்கிற சங்கம் இல்லாமல் முடியாது என்கிறார்கள், அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். எலக்ட்ரிக்கல், இன்டீரியர் கான்ட்ராக்டராக இருந்தால் என் கணக்கு தலைகீழாகலாம், பிசினஸ் குழுவே முதலில் கட்டுபடியாகலாம். வேலையே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு வருடம் குழுவில் இருந்து பார்ப்பதிலும் தப்பில்லை. கோவைக்கு வெளியே சின்ன ஊர்களில் சங்கம் எப்படி இயங்குகிறது என்பதில் எனக்கு நேரடிப் பழக்கம் குறைவு.

எதில் சேர்வதானாலும் சந்தா கட்டுவதற்கு முன் விருந்தினராக ரெண்டு கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள், ரெண்டு பக்கமும் விடுவார்கள். குழுவில், உங்கள் இடத்தில் முன்பு இருந்த பில்டர் ஏன் விலகினார் என்று கேளுங்கள். சங்கத்தில் தலைவரை விட்டுவிட்டு, டீ நேரத்தில் பின் வரிசையில் நிற்கிற சின்ன கான்ட்ராக்டரிடம், "உங்களுக்குப் பாக்கி நின்னப்போ யாருங்கண்ணா வந்தாங்க?" என்று கேளுங்கள். அவர் சட்டென்று ரெண்டு பேரைச் சொன்னால் அங்கேயே படிவத்தை வாங்கிக்கொள்ளலாம்.