சந்தாவா, வரியா? கடைத்தெருவைப் பராமரிக்க எது தோது

இங்கிலாந்தில் ஒரு சிறுநகரத்தில் கடை வைத்திருந்த காலத்தில், எங்கள் வர்த்தகர் சங்கம் தன் பொறுப்புகளை 'பிட்' எனப்படும் வணிக மேம்பாட்டு வலயத்திடம் ஒப்படைப்பதா என்று வாக்கெடுப்பு வந்தது. வலயம் என்றால், ஒரு தெருவின் கடைகள் எல்லாவற்றிடமும் நகரசபை கட்டாயக் கட்டணம் அறவிட்டு, அந்தத் தெருவுக்கே செலவழிக்கக் கொடுக்கும் அமைப்பு. நான் 'ஆம்' என்றுதான் போட்டேன். இப்போது மட்டக்களப்பில், திருமலை வீதியில் தம்பியின் கடையில் நிற்கிறேன். இங்கும் சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சு அடிபடுகிறது. என் சாய்வு இன்னும் வலயத்தின் பக்கம்தான்.

சங்கத்தின் பலத்தை நான் சொல்லத் தேவையில்லை. மார்கழி வெள்ளத்தில் முதலில் சோற்றுப் பார்சல் கொண்டு ஓடுவது சங்கம். பொலிசாரோடும் மாநகர சபையோடும் பேச ஆள் வேண்டுமென்றாலும் சங்கம்தான். இந்த வேலைகளை எந்த வலயமும் எடுத்துச் செய்யாது.

சங்கம் தடுமாறுவது பராமரிப்பில். ஒருமுறை செய்யும் காரியத்துக்கு நம் ஆட்கள் தாராளமாகத் தருவார்கள். மாதாமாதம் தரச் சொன்னால் கை பின்வாங்கும். எங்கள் பக்கத்தில் நன்கொடையில் கமரா பூட்டினார்கள். பெயர்ப்பலகை மாற்ற வந்தவர்கள் ஒன்றின் வயரை அறுத்துவிட்டுப் போனார்கள். அது இன்னும் நிலத்தைப் பார்த்தபடி தொங்குகிறது. பழுது பார்க்கும் காசு சின்னக் காசுதான், ஆனால் அதை யார் தருவது என்பதற்கு முடிவில்லை. சந்தாப் புத்தகத்தோடு போன தம்பியிடம் ஒரு முதலாளி, "லைட் எரிஞ்சா என்ட கடைக்கும் வெளிச்சம்தானே தம்பி, நான் தராட்டி அது எரியாமப் போகுமா?" என்று கேட்டாராம். வங்கிக் கிளைகளும் ஃபைனான்ஸ் கம்பனிகளும் இன்னொரு விதம். முகாமையாளர் நல்லவராக இருப்பார், ஆனால் ரசீதுப் புத்தகத்துக்குக் காசு கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. கொழும்பைக் கேட்க வேண்டும். தெருவில் அதிகம் உழைக்கிற இடங்கள் இப்படி விடுபட, சின்னக் கடைகளே சுமக்கின்றன.

டொரொண்டோவில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரர்களை 1970இல் இந்த ஏற்பாட்டுக்குத் தள்ளியதும் இதே தொல்லைதான். சுரங்க ரயிலும் புதிய மால்களும் வந்து வீதியில் நடமாட்டம் குறைந்தபோது, தரும் சிலரின் காசில் தெருவைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. எல்லாரிடமும் நகரசபையே அறவிட்டுத் தரட்டும் என்று கேட்டு வாங்கினார்கள். உலகின் முதல் வலயம் அது என்பார்கள்.

இங்கிலாந்தில் இதற்கான சட்டம் 2003இல் வந்தது. வாக்கெடுப்பில் இரட்டைப் பெரும்பான்மை வேண்டும்: வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும், அவர்களுடைய கட்டடங்களின் வரிமதிப்பிலும் (வரி போடுவதற்காகக் கணிக்கும் ஆண்டு வாடகை மதிப்பு). நாலு பெரிய கம்பனிகள் சேர்ந்து சின்னக் கடைகளை அமுக்க முடியாது. சின்னக் கடைகள் கூடிப் பெரியவர்கள் தலையில் கட்டவும் முடியாது. வென்றுவிட்டால் 'இல்லை' என்று போட்டவரும் கட்டியாக வேண்டும். கட்டணம் பொதுவாக வரிமதிப்பில் 1 முதல் 2 வீதம். 12,000 பவுண் வரிமதிப்புள்ள கடைக்கு 1.5 வீதம் என்றால் ஆண்டுக்கு 180 பவுண். சங்கக் கடிதத்துக்குப் பதிலே போடாத பெரிய கம்பனிக் கடைகள், சபையின் பில் போனதும் கட்டின. அந்தக் காசில் தெருவுக்கென்று ஆள் வைத்தார்கள், உடைந்தது உடனே திருத்தப்பட்டது. நான் கண்டது ஒரு தவணையின் நடுப்பகுதிதான். மறுவாக்கெடுப்புக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டேன். தவணை 5 ஆண்டுக்கு மேல் போகாது, தொடர வேண்டுமென்றால் மறுபடி வாக்குக் கேட்க வேண்டும். சங்கத்தில் ஒரே தலைவர் வருடக்கணக்கில் இருப்பதைப் பார்த்த எனக்கு இது பெரிய விஷயம்.

இலங்கையில் கடைக்காரர்கள் வாக்களித்து இப்படி வரி போட்டுக்கொள்ளச் சட்டம் இல்லை. ஆனாலும் சபைக்குக் கட்டும் சோலைவரிக்கு (கட்டட வரி) ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆண்டு மதிப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. சந்தாவை எல்லாருக்கும் ஒரே தொகையாக வைக்காமல் அந்த மதிப்பீட்டின்படி வைக்கலாம். வங்கிகளுக்கு ரசீதுப் புத்தகம் நீட்டாமல், ஆண்டுத் திட்டமும் கணக்கறிக்கையும் இணைத்துத் தலைமையகத்துக்கே பில் அனுப்பலாம். சட்டத்தின் பலம் இதற்கு வராது, ஆனால் இப்போதைய நிலைமையை விட மேல். வாடகைக் கடைகள் விஷயம் மட்டும் உறுத்துகிறது: கட்டணத்தைக் கட்டட உரிமையாளர் மேல் போட்டால், அவர் அதை அப்படியே வாடகையில் ஏற்றிவிடுவார். ஒப்பந்தத்தில் யார் கட்டுவது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்.

சங்கத்தைக் கலைக்கவும் கூடாது. சபையின் கையால் காசு வாங்கும் அமைப்பு, சபையைத் தட்டிக் கேட்பதில் சற்றுத் தயங்கும். அதற்குச் சங்கம் வெளியே நிற்க வேண்டும். பராமரிப்பையும் அதற்கான கணக்கையும் மட்டும் ஒப்படைத்தால் போதும்.

எதற்கும் முன்னால், எங்கள் வீதியில் வாரத்துக்கு எத்தனை நாள் கூட்டுகிறார்கள், எத்தனை தெருவிளக்கு அவர்கள் பொறுப்பு, வடிகான் எப்போது துப்புரவாகும் என்று மாநகர சபையிடம் எழுத்தில் வாங்க வேண்டும். இங்கிலாந்தில் வாக்கெடுப்புக்கு முன்பே அந்தப் பட்டியல் எங்கள் கைக்கு வந்தது. அது இல்லாமல் காசு சேர்த்தால், சபை செய்ய வேண்டிய வேலைக்கே நாங்கள் இரண்டாம் தரம் கட்டுவோம்.