பழைய ஸ்விட்ச்சா, ஸ்விட்ச் 2-ஆ?
2017 மார்ச்சில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவிக்கு 2025 ஜூனில் வாரிசு வந்துவிட்டது. கையில் பழையது இருக்கும் ஹட்டன், தலவாக்கலைப் பிள்ளைகள் அவசரப்பட்டு மாற வேண்டாம் என்பேன்.

வேகத்தில் புதியதுதான் மேல். திரை 7.9 அங்குலம், சேமிப்பு 256 ஜிபி. முதல் ஸ்விட்ச்சில் 32 ஜிபிதான்.

ஆனால் நமக்கு இடிப்பது டேட்டா. ஸ்விட்ச் 2-க்கு வரும் சில விளையாட்டு அட்டைகளில் விளையாட்டே இருக்காது. அது வெறும் சாவி. முழுவதையும் இணையத்தில் இறக்கியாக வேண்டும். லயத்து வாசலில் சிக்னல் தேடி, ரீலோட் போட்டு, இத்தனை ஜிபி இறக்குவது லேசான காரியமா? பழையதில் பெரும்பாலான அட்டைகளைச் செருகினால் போதும். அப்புறம், பழைய மைக்ரோ எஸ்டி கார்டில் புதியதன் விளையாட்டுகளைச் சேமிக்க முடியாது; மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான வகை வேண்டும், அதன் விலையும் கூட.

ஆடிக் காற்றில் கரண்ட் போனால்? நிறுவனக் கணக்கில், 2019-இல் திருத்தி வந்த பழைய ஸ்விட்ச் 4.5 முதல் 9 மணி நேரம் தாங்கும். புதியது 2 முதல் 6.5 வரைதான்.

முதன்முதலாக வாங்குபவர் என்றால் சரி, ஸ்விட்ச் 2 எடுக்கலாம். பழைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். மற்றவர்கள் இப்போதைக்குப் பழைய ஸ்விட்ச் அட்டைகளையே வாங்கிச் சேர்த்து வையுங்கள்.