நான்சென்ஸ் கவிதைக் குறுக்கெழுத்து: பாதி அருமை, பாதி அவசரம்

ஆங்கிலக் கதைப்பாட்டு, நான்சென்ஸ் (அர்த்தமில்லா வேடிக்கைக்) கவிதை ரசிகர்களுக்கான இந்தப் புதிர்த் தொகுப்பில் நல்ல குறிப்புகளும் உண்டு, பதம் பார்க்காமல் இறக்கியவையும் உண்டு.

முதலில் நல்லது. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 1798 கவிதையான 'தி ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்' தலைப்பில் 'தி'க்கு அடுத்த சொல்லுக்கு நாலே கட்டம். பழக்கதோஷத்தில் 'ரைம்' என்பதை எச், ஒய் போட்டு எழுதினால் ஐந்தாகிவிடும். கவிஞர் எழுதியது ஆர், ஐ, எம், இ. 'உண்மையைக் கலைத்தால் ஆந்தையையும் பூனையையும் படகேற்றியவர்' என்ற குறிப்பும் சுத்தம்: 'ரியல்' என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்தால், அந்தக் கவிதையை எழுதிய எட்வர்ட் லியர்.

சொதப்பல், லூயிஸ் கரோலின் 1876 'ஸ்னார்க் வேட்டை' பற்றிய குறிப்பில்; ஸ்னார்க் என்ற கற்பனைப் பிராணியைத் தேடிப் பத்துப் பேர் கப்பலேறும் கவிதை அது. 'கப்பலில் ஒருவர், ஆறெழுத்து' என்று மொட்டையாகக் கேட்கிறார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் 'பி'யில்தான் பெயர் தொடங்கும். பேங்கர், புரோக்கர், பீவர் மூன்றுமே ஆறெழுத்து; மூன்றும் 'இஆர்' என்றே முடியும். இங்கே மேலிருந்து கீழ் வரும் சொற்கள் வெட்டுவது 1, 5, 6ஆம் கட்டங்களை. மூன்று விடைக்கும் அங்கே ஒரே எழுத்து, பிறகு எப்படிப் பிரிப்பது? வெட்டு 2 அல்லது 3ஆம் கட்டத்தில் விழுந்திருக்க வேண்டும். இல்லையேல் 'மனிதரல்லாத ஒருவர்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் நீர்நாய் போன்ற அந்தப் பீவர் தானே வந்து உட்கார்ந்திருக்கும்.

லியரின் 'மூன்றெழுத்துப் பிராணி'க்கும் இதே கதி. ஆந்தை, பன்றி, பூனை எல்லாமே ஆங்கிலத்தில் மூன்றெழுத்து!

அச்சு தெளிவு. பென்சிலில் போடுங்கள்.